கிஷி இரயில் நிலையமும் அதன் பூனைத் தலைவரும்



சென்ற தவணையில் ஒருநாள் காலைச் சபைகூடலின்போது, ஜப்பான் நாட்டில் ஒரு பூனை இரயில் நிலையத் தலைவராகப் பணியாற்றிய செய்தியை நாம் மாணவர்களுக்கு எடுத்துக் கூறினோம். சபை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் பூனைக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனோ, "பூனை வந்ததனால்தான் அந்த இரயிலை மூடாமல் விட்டார்களா, ஐயா?" என்று வினவினான். முதல் வினாவுக்குச் சரியான விடையே அளித்தோம். இரண்டாவதற்கு "ஆம்" என்று சொல்லிவிட்டோம். பின்னர் வீட்டில் அமர்ந்து ஆண்டுகளை ஒப்புநோக்கியபோதுதான் நாம் அளித்த விடை பிழையென்பது புலனாயிற்று. சபையில் சொன்ன பிழையை எழுத்தில் திருத்துவது ஆசிரியர் கடன். ஆகவே அந்நிலையத்தின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் விரிவாகவே எழுத முற்பட்டோம்.

ஜப்பானில் ஒசாக்கா என்னும் பெருநகருக்குத் தெற்கே வாக்கயாமா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரின் பெயரும் வாக்கயாமாவே. அங்கிருந்து கிழக்கு நோக்கி வயல்களுக்கும் குன்றுகளுக்கும் இடையே 14.3 கிலோமீட்டர் தூரம் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செல்கிறது. கிஷிகாவா பாதை என்பது அதன் பெயர். மொத்தம் 14 நிலையங்கள். பதினான்காவது நிலையம்தான் கிஷி. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஒரே ஒரு மேடை. வந்த வண்டி அதே மேடையிலிருந்து வந்த வழியே திரும்ப வேண்டும். இந்நிலையம் கினோக்காவா என்னும் நகரத்தின் எல்லைக்குள் அடங்கியது. நகரம் என்றவுடன் மாடமாளிகைகளை எண்ணிவிட வேண்டா. சிற்றூர்கள் பல 2005-ஆம் ஆண்டில் ஒன்றிணைக்கப்பட்டு நகரமென்று பெயர் பெற்ற இடம் அது. பழத்தோட்டங்கள் மிகுந்த பகுதி. கிஷிகாவா வட்டாரத்திற்கு ஸ்ட்ராபெரிப் பழம் பெயர் பெற்றது.

இப்பாதை முதலில் போடப்பட்டது பழம் ஏற்றுவதற்கன்று; சாமி கும்பிடுவதற்கு! வழியில் ஜப்பானியரின் ஷிந்தோ சமயத்தைச் சார்ந்த மூன்று பழம்பெரும் கோயில்கள் உள்ளன. மூன்றையும் ஒரே பயணத்தில் வழிபட்டு வருவது அவ்வூர் மக்களின் வழக்கம். அந்த அடியார்களை நம்பியே 1916-ஆம் ஆண்டில் ஒரு சிறு கும்பினி இப்பாதையைத் தொடங்கிற்று. 1933-இல் பாதை கிஷி வரை நீட்டப்பட்டது. 1961-இல் நன்காய் என்னும் பெரிய இரயில் கும்பினி இதனைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது.

இனி, இத்தகைய வண்டியில் ஏறுவது எவ்வாறு என்பதையும் சொல்லிவிடுவோம். மாணவர்கள் அதனை அறிய விரும்புவர். இரண்டே பெட்டிகள் கொண்ட மின்சார வண்டி. ஓட்டுநர் ஒருவரே, டிக்கெட் பரிசோதகர் கிடையாது. பணியாளர் இல்லாத நிலையத்தில் பின்கதவு வழியாக ஏறி, அங்குள்ள சிறு பொறியிலிருந்து எண் அச்சிட்ட சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த நிலையத்தில் ஏறினோம் என்பதை அந்த எண் காட்டும். இறங்கும்போது முன்கதவருகே ஓட்டுநரின் பக்கத்தில் உள்ள பெட்டியில் சீட்டையும் கட்டணத்தையும் போட்டுவிட்டு இறங்கலாம். ஆள் குறைந்தால் செலவு குறையும் என்பதே இம்முறையின் நோக்கம். ஜப்பானில் நாட்டுப்புற இரயில்கள் பலவும் இவ்வாறே ஓடுகின்றன.

இவ்வளவு சிக்கனமாக ஓட்டியும் கணக்குச் சரிவரவில்லை. 1974-ஆம் ஆண்டில் இப்பாதையில் ஏறத்தாழ 36 இலட்சம் பயணங்கள் நிகழ்ந்தன. 2005-ஆம் ஆண்டிலோ அவை 19 இலட்சமாகச் சுருங்கின. ஏன்? வீட்டுக்கொரு மோட்டார் வாகனம் வந்தது, சாலைகள் விரிந்தன, இளைஞர்கள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர், பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. காலையில் வண்டியேறும் பள்ளி மாணவர்கள் குறைந்தால் அந்த இரயிலின் உயிர்நாடியே தளர்ந்தது என்று கொள்ளலாம். பதிவேட்டில் ஆண்டுதோறும் பெயர்கள் குறைவதைக் கண்டிருக்கும் தலைமையாசிரியர் எவருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டுவதில்லை.

நன்காய் கும்பினிக்கு இப்பாதையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 கோடி யென் நட்டம் நேர்ந்தது. முற்காலத்தில் ஜப்பானில் ஒரு கும்பினி தன் இரயில் பாதையை மூட விரும்பினால் அரசாங்கத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டில் அச்சட்டம் மாற்றப்பட்டது. அதன்பின் அனுமதி தேவையில்லை. ஓராண்டுக்கு முன்னதாக அறிவித்தாலே போதும். இம்மாற்றத்திற்குப் பிறகு நாட்டுப்புறப் பாதைகள் பல மூடப்பட்டன. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நன்காய் கும்பினியும் அவ்வறிவிப்பைக் கொடுத்தது. கிஷிகாவா பாதையின் நாட்கள் எண்ணப்படலாயின.

இந்த இடத்தில்தான் கதையின் உண்மையான பகுதி தொடங்குகிறது. பூனை இன்னும் வரவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க.

அறிவிப்பைக் கேட்ட ஊர்மக்கள் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே, கிஷிகாவா பாதைக்கு எதிர்காலத்தை உருவாக்கும் சங்கம் என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவினர். ஆண்டுச் சந்தா 1,000 யென். அது பெருந்தொகையன்று, ஒரு வேளை உணவின் விலை என்று சொல்லலாம். ஆனால் 6,000-க்கும் மேற்பட்டோர் அதில் உறுப்பினராகச் சேர்ந்தனர். சிற்றூர்கள் நிறைந்த ஒரு பாதையோரத்தில் இஃது எளிதான செயலா? வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியவர்களுக்கே அதன் அருமை தெரியும். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குச் சந்தா திரட்டிய அனுபவம் உள்ளவர்கள் இதை ஐயமின்றி ஒப்புக்கொள்வர்.

அச்சங்கத்தார் எடுத்துக்கொண்ட முழக்கம் நம்மை வெகுவாகக் கவர்ந்தது. "இரயிலைக் காப்பாற்றுக" என்று அரசாங்கத்தை நோக்கி மட்டும் அவர்கள் குரல் கொடுக்கவில்லை. ஏறிப் பயணம் செய்து இரயிலை நிலைபெறச் செய்வோம் என்று தம்மையே நோக்கிச் சொல்லிக்கொண்டனர். மோட்டார் வாகனம் வைத்திருப்பவர் தம் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு இரயில் ஏற வேண்டும். மனுவில் கையொப்பமிடுவது எளிது; மழைநாளில் நிலையத்திற்கு நடந்து செல்வது கடினம். அதனை அவர்கள் செய்தனர். நிலையங்களைக் கூட்டித் துடைத்துத் தூய்மையாக்கினர், கூட்டங்கள் நடத்தினர், பிற்காலத்தில் ஆண்டுக்கு 25 இலட்சம் பயணங்கள் என்று ஓர் இலக்கையும் வகுத்துக்கொண்டனர்.

எதிர்க்குரல் எழாமலும் இல்லை. இரயிலில் ஏறாதவர்களின் வரிப்பணத்தைக் கொண்டு அதனை ஏன் தாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வியே. இதற்கு விடையாக அமைவது ஊரின் நடைமுறைதான். மோட்டார் வாகனம் ஓட்டும் வயதை எட்டாத உயர்நிலைப் பள்ளி மாணவரும், ஓட்டும் வயதைக் கடந்துவிட்ட முதியவரும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளியும் வேறெதில் செல்வர்? இரயில் நின்றால் அவர்கள் அனைவரும் சாலைக்கு வந்தாக வேண்டும். காலை வேளையில் சாலை அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவு எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இறுதியில் ஓர் உடன்பாடு பிறந்தது. இதனைப் பெரியவர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். தண்டவாளம் ஓடும் நிலத்தை வாக்கயாமா நகராட்சியும் கிஷிகாவா ஊராட்சியும் வாங்கிக்கொள்வது. அதற்கான பணத்தை மாநில அரசு தருவது. வண்டி ஓட்டுவதில் நேரும் நட்டத்தைப் பத்தாண்டுகள் வரையிலும், 82 கோடி யென் என்னும் உச்சவரம்புக்கு உட்பட்டு, அவ்விரு ஊர்களும் ஈடு செய்வது. வண்டியை ஓட்டுவதற்குத் தகுந்த கும்பினி ஒன்றைப் பொது அறிவிப்பின் மூலம் தேர்ந்தெடுப்பது. அவ்வாறு 2005-இல் தேர்வானது எது தெரியுமா? ஒகயாமா என்னும் வேறொரு நகரத்தில் வெறும் 4.7 கிலோமீட்டர் நீளமுள்ள டிராம் வண்டிப் பாதையை ஓட்டிவந்த கும்பினி! அது வாக்கயாமா மின்சார இரயில்வே என்னும் துணைக் கும்பினியை நிறுவி, 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று கிஷிகாவா பாதையைப் பொறுப்பேற்றது.

ஆகவே பாதை காப்பாற்றப்பட்ட நாள் 2006 ஏப்ரல் 1. பூனை பதவியேற்ற நாளோ 2007 சனவரி 5. இடையில் ஒன்பது மாதங்கள் உள்ளன. நாம் சபையில் சொன்னதில் இருந்த பிழை இதுவே.

இனிப் பூனையின் கதைக்கு வருவோம். அதன் பெயர் தாமா. ஜப்பானியர் பூனைகளுக்கு வழக்கமாக இடும் பெயர் அது. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு ஆகிய மூன்று வண்ணங்களும் கலந்த பெண்பூனை. (மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய அனைத்தும் பெண்ணாகவே இருக்கும் என்பது அறிவியல் உண்மை. உங்கள் லயத்தில் திரியும் பூனைகளைக் கவனித்துப் பாருங்கள்.) 1999-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த தாமா, கிஷி நிலையத்தை ஒட்டியிருந்த மளிகைக் கடைக்கார அம்மையாரின் பராமரிப்பில் வளர்ந்தது. நிலையத்தருகே அதற்கும் அதன் கூட்டாளிகளுக்கும் சிறு குடில் ஒன்று இருந்தது. வண்டிக்குக் காத்திருப்போர் மடியில் அமர்வதும், மேடையில் வெயில் காய்வதும் அதன் அன்றாட அலுவல்.

இப்பொழுது நாம் மேலே கூறிய உடன்பாட்டை நினைவுகூர்க. நிலம் ஊராட்சியின் கைக்கு மாறிற்று அன்றோ? பொது நிலமாகிவிட்ட இடத்தில் தனியார் ஒருவருடைய பூனைக்குடில் இருத்தல் கூடாது. அதனை அகற்ற வேண்டும் என்றாயிற்று. சிக்கனத்தை முன்னிட்டுக் கிஷி நிலையத்தில் பணியாளர்களும் நீக்கப்பட்டனர். இரயிலைக் காத்த அதே ஏற்பாடு பூனையின் வீட்டைப் பறித்துவிட்டது! கடைக்கார அம்மையார் புதிய கும்பினியின் தலைவர் கோஜிமா மிட்சுநொபு என்பவரைக் கண்டு, பூனைகளை நிலையத்தின் உள்ளே தங்க வைக்க இயலுமா என்று வேண்டிக்கொண்டார். பணியாளர் இல்லாத நிலையம், வீடில்லாத பூனை. தலைவர் இரண்டையும் இணைத்துவிட்டார். நிலையத்தில் தங்க வேண்டுமாயின் நிலையத்தில் வேலை பார்க்கட்டும் என்று தாமாவை நிலையத் தலைவராகவும், கூட இருந்த மீக்கோ, சிபி என்னும் பூனைகளைத் துணைத் தலைவர்களாகவும் நியமித்தார்.

தாமாவின் தலைக்கேற்ற சிறு தொப்பியும் கழுத்தில் பெயர்ப்பட்டயமும் செய்யப்பட்டன. சம்பளம், ஓராண்டுக்கான பூனை உணவு. வேலை, வருவோரை வரவேற்பது. நம் ஊர்ச் சீனர் கடைகளில் பணப்பெட்டியருகே ஒரு கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருக்கும் பொம்மைப் பூனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொம்மை ஜப்பானில் தோன்றியது. வாடிக்கையாளரை அழைக்கும் பூனை என்பது அதன் பொருள். உயிருள்ள பூனை ஒன்றே அவ்வேலையை ஏற்றவுடன் ஜப்பானியருக்கு அது மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கூட்டம் வந்தது. ஒசாக்காவிலிருந்து வந்தது, தோக்கியோவிலிருந்து வந்தது, பின்னர் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தது. முதலாண்டில் மட்டும் தாமாவால் அவ்வட்டாரத்திற்கு விளைந்த பொருளாதாரப் பயன் ஏறத்தாழ 110 கோடி யென் என்று கன்சாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் மியாமோத்தோ கட்சுஹிரோ கணக்கிட்டார். 2008-இல் தாமாவுக்குப் பதவி உயர்வு. அவ்வாண்டே மாநில ஆளுநரின் கையால் வீரப்பட்டம். படிப்படியாக உயர்ந்து கும்பினித் தலைவரின் பிரதிநிதி என்னும் நிலை வரையிலும் சென்றது. மனிதரில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்!

பூனையின் புகழை மட்டும் நம்பிக் கும்பினி சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். மித்தோக்கா எய்ஜி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரை அழைத்தனர். புதிய வண்டி வாங்கப் பணம் இல்லை. நன்காய் விட்டுச் சென்ற பழைய பெட்டிகளே இருந்தன. அவற்றின் உட்புறத்தை மரத்தால் இழைத்து, 2006-இல் ஸ்ட்ராபெரி வண்டியும், 2007-இல் விளையாட்டுப் பொம்மை வண்டியும், 2009-இல் தாமா வண்டியும் ஆக்கினர். ஸ்ட்ராபெரி வண்டிக்கு நன்கொடை அளித்தோர் பெயர்கள் பெட்டியினுள்ளே எழுதி வைக்கப்பட்டன. தாமா வண்டியில் ஓடுவதும் உறங்குவதும் குதிப்பதுமாக 101 தாமாக்கள் தீட்டப்பட்டுள்ளன. வண்டியின் நெற்றியில் இரு காதுகளும் உண்டு. 2010-இல் கிஷி நிலையமும் புதிதாகக் கட்டப்பட்டது. கோயில் கூரைகளுக்கு வேய்வது போன்று சைப்ரஸ் மரப்பட்டையால் கூரை வேய்ந்து, அதன் மேல் இரண்டு காதுகளை எழுப்பி, நிலையத்தையே ஒரு பூனை முகமாகச் சமைத்துவிட்டனர்.

2015-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் தாமா இறந்தது. வயது பதினாறு. ஷிந்தோ முறைப்படி கிஷி நிலையத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கலந்துகொண்டனர். நிலைய மேடையிலேயே அதற்கொரு சிறு கோயிலும் எழுப்பப்பட்டது. பூனைக்குக் கோயிலா என்று நகைக்க நமக்குத் தோன்றவில்லை. தமக்கு உதவியதை மறவாதிருப்பது அவரவர் வழக்கப்படி அமையும்.

தாமாவுக்குப் பின் நிதாமா பொறுப்பேற்றது. ஜப்பானிய மொழியில் "நி" என்றால் இரண்டு. அடுத்து வந்தது யொந்தாமா. "யொன்" என்றால் நான்கு. மூன்று எங்கே என்று கணக்கில் வல்ல பிள்ளைகள் கேட்பர். மூன்றாம் பூனையைப் பயிற்சிக்காக ஒகயாமாவுக்கு அனுப்பினர். அங்கே அதனை வளர்த்தவர்கள் அன்பு மிகுதியால் திருப்பித் தர மறுத்துவிட்டார்களாம்!

இத்தனை புகழுக்கும் பின்னர் இப்பாதை இலாபத்தில் கொழிக்கிறதா என்றால், இல்லை. பயணங்கள் 2006-ஆம் ஆண்டில் 21 இலட்சத்தைத் தாண்டின. பின்னரும் சற்று உயர்ந்தன. ஆயினும் ஓடித் தேய்ந்த பெட்டிகளுக்கும் பழைய பாலங்களுக்கும் மின்கருவிகளுக்கும் செலவு வளர்ந்துகொண்டே இருந்தது. முதல் பத்தாண்டு உடன்பாடு 2016-இல் முடிவுற்றபோது, மாநிலமும் ஊர்களும் மேலும் பத்தாண்டுகளுக்கு உதவ முன்வர வேண்டியிருந்தது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது வெளிநாட்டார் வருகை அடியோடு நின்றது. அக்காலத்திலும் வண்டி ஓடியது, ஏறியவர்கள் ஊர்க்காரர்கள்.

ஆறாம் ஆண்டு மாணவனுக்கு நாம் தர வேண்டிய திருத்திய விடை இதுதான்: பூனை வருவதற்கு முன்பே அந்த இரயிலைக் காப்பாற்றியவர்கள் 1,000 யென் சந்தா செலுத்திய ஊர்மக்கள். காப்பாற்றப்பட்ட இரயிலுக்கு உலகெங்கிலுமிருந்து விருந்தினரை அழைத்து வந்தது தாமா. இரண்டும் உண்மை, ஆனால் முன்பின் மாறக்கூடாது.

நிதாமா நிலையத்தில் பணியில் இருந்த நேரம் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை என்று வகுக்கப்பட்டிருந்தது. படப்பெட்டியோடு வரும் விருந்தினர் அந்நேரத்தைக் கேட்டறிந்தே வருவர். புத்தகப் பையோடு பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வண்டிகளோ, அதற்கு வெகுநேரம் முன்பே கிஷி நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிடும்.